கேள்வி–பதில்: 22 பேரை வைத்துக்கொண்டு ஒரு ரெஜிமென்ட்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, அமெரிக்க உள்நாட்டுப் போரை (1861–65, வடக்கு மாநிலங்களுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் நடந்தது) இன்றும் வார இறுதிகளில் பழைய சீருடை போட்டுக்கொண்டு மைதானத்தில் நடத்திக் காட்டுகிறவர்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். ரீஎனாக்ட்மென்ட் என்பார்கள் அங்கே. அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் பெரும்பாலும் சந்தேகம் ஒரே இடத்தில்தான்: எத்தனை பேர் சேர்ந்தால் ஒரு படைப்பிரிவு, அதற்கு யார் தலைவர்? எனக்கும் மனசுக்கு நெருக்கமான விஷயம் என்பதால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

நாங்கள் வர்ஜீனியாவில் இருக்கிறோம். 15 வயது மகன் உள்நாட்டுப் போர்க் குழு ஒன்றில் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அவர்கள் முகாமுக்குப் போய்ப் பார்த்தோம். கொடியில் ரெஜிமென்ட் பெயர், ஆனால் இருந்தது 22 பேர். ரெஜிமென்ட் என்றால் ஆயிரம் பேர் அல்லவா? நம்பிச் சேர்க்கலாமா ஐயா?
— ஒரு தந்தை, ரிச்மண்ட்

சேர்க்கலாம். ஆனால் அதற்கு முன் அங்கே ஆள் எண்ணிக்கையை விட்டுவிட்டு வேறொன்றை எண்ணுங்கள். கையில் கோடு (பதவி அடையாளம்) போட்ட சட்டை எத்தனை, போடாத சட்டை எத்தனை?

ஏன் என்று சொல்கிறேன். அன்றைய காகிதக் கணக்குப்படி ஒரு காலாட்படை ரெஜிமென்டுக்குப் பத்துக் கம்பெனி, கம்பெனிக்கு ஏறக்குறைய நூறு பேர். அந்த நூறில் கேப்டன் ஒருவர், லெஃப்டினென்ட் இருவர், சார்ஜென்ட் ஐந்து பேர், கார்ப்பரல் எட்டுப் பேர், மேளமும் குழலும் வாசிக்க இரண்டு பேர், வண்டியோட்டி ஒருவர். ஆக 19 பேர் போக, மற்றவர்கள் எல்லோரும் துப்பாக்கி தூக்கி வரிசையில் நிற்கும் சாதாரண சிப்பாய்கள். இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்து 22 பேர் குழுவில் வைத்தால் சிப்பாயாக நிற்க மூன்று பேர்தான் மிஞ்சுவார்கள். அவ்வளவு தூரம் யாரும் போவதில்லை, ஆனால் பாதி தூரம் போகிறவர்கள் இருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் நான் இருந்த வருடங்களில் ஒரு சிறிய ஊர் நிகழ்ச்சியில் 14 பேர் கொண்ட குழு ஒன்றைப் பார்த்தேன், அதில் ஆறு பேருக்குப் பதவி. உத்தரவு போட ஆள் இருந்தது, கேட்டு நடக்க ஆள் இல்லை. ஆளுக்கொரு பக்கம் வாளை நீட்டிக்கொண்டு நின்றார்கள், பார்க்க வந்த குழந்தைகளுக்கு அந்தப் போர் எப்படி நடந்தது என்று கடைசி வரை புரியவே இல்லை. எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அவர்களில் ஒவ்வொருவரும் சொந்தக் காசில் சட்டை தைத்து, சொந்தக் காசில் துப்பாக்கி வாங்கி வந்தவர்கள்.

நல்ல குழுக்களில் பதவி ஆளைப் பொறுத்தது இல்லை, அன்று காலை மைதானத்துக்கு எத்தனை துப்பாக்கி வந்தது என்பதைப் பொறுத்தது. பத்துப் பேருக்குக் கீழே என்றால் ஒரு கார்ப்பரலோ சார்ஜென்ட்டோ போதும், இருபதைத் தாண்டினால்தான் கேப்டன் என்கிற மாதிரி கணக்கு வைத்திருப்பார்கள், இடத்துக்கு இடம் எண் மாறும். சொந்த ஊரில் சார்ஜென்ட்டாக இருப்பவர் பெரிய நிகழ்ச்சிக்குப் போகும்போது கோடுகளைப் பிரித்தெடுத்துவிட்டு வரிசையில் சிப்பாயாக நிற்பதைப் பார்த்தால், அந்தக் குழுவைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

சரி, ரெஜிமென்ட் பெயர் விஷயம். அது ஏமாற்று இல்லை. பெரும்பாலான குழுக்கள் ஒரு ரெஜிமென்டின் ஏதோ ஒரு கம்பெனியை, ஏ கம்பெனி, கே கம்பெனி என்று, தங்கள் பெயராக எடுத்துக்கொள்கின்றன. பல சமயம் அந்தக் கம்பெனி திரண்ட ஊரே தங்கள் ஊராக இருக்கும். 22 பேர் தனியாக வந்தால் அது ஒரு கம்பெனியின் துண்டு. பெரிய நிகழ்ச்சிகளில் இப்படி இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து ஒரு கம்பெனி, நாலைந்து கம்பெனியைச் சேர்த்து ஒரு பட்டாலியன் என்று அந்த வார இறுதிக்கு மட்டும் கட்டுவார்கள். (நம்முடைய 'பட்டாளம்' என்ற சொல்லுக்கும் இந்த பட்டாலியனுக்கும் உறவு உண்டு என்பது மொழி ஆர்வலர்களுக்குத் தெரிந்திருக்கும்.)

ஏன் அப்படிச் சேர்க்க வேண்டும், 22 பேராகவே நின்றால் என்ன? அன்றைய பயிற்சி நூல்கள் அதற்கு இடம் தரவில்லை. ஹார்டி என்ற ராணுவ அதிகாரி 1855-ல் எழுதிய முறையை இரண்டு தரப்பும் பெரிதும் பயன்படுத்தின. முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை, முழங்கையோடு முழங்கை தொட்டு நிற்க வேண்டும். 'ஒன்று, இரண்டு' என்று எண்ணிக்கொள்வார்கள், வலப்பக்கம் திரும்பு என்றதும் அந்த எண்ணை வைத்து நாலு நாலு பேராக மடங்கி நடக்கத் தொடங்குவார்கள். திரும்ப முன்னோக்கு என்றால் இரண்டு வரிசையாக விரிவார்கள். இந்த மடங்கலும் விரிதலும்தான் அந்தக் காலத்துப் போர். பத்துப் பேரை வைத்து இதைச் செய்தால் தொடங்கும் முன்பே முடிந்துவிடும், நாற்பது பேர் செய்யும்போதுதான் ஒரு சுவர் திரும்புவது போலத் தெரியும். அதற்கும் மேல், பல கம்பெனிகள் சேர்ந்து பட்டாலியனாகச் சுழல்வதைப் பார்ப்பது தனி அனுபவம், அதைப் பார்க்க மணிக்கணக்கில் கார் ஓட்டிப் போயிருக்கிறேன்.

மகன் விஷயத்தில் இன்னும் இரண்டு. முதலில் வயது. பெரும்பாலான இடங்களில் துப்பாக்கி தூக்க 16 ஆக வேண்டும், அதுவரை மேளம் அடிக்கலாம், தண்ணீர் தூக்கலாம், அதிலும் நிறையக் கற்றுக்கொள்வான். அப்புறம், துப்பாக்கிச் சோதனை. இவர்கள் குண்டு போடுவதில்லை, காகிதப் பொட்டலத்தில் கருமருந்து மட்டும்தான், ஆனால் அதுவும் கிட்டத்தில் ஆளைக் காயப்படுத்தும். அதனால் களத்தில் இறங்கும் முன்பும் வெளியே வந்த பின்பும் ஒவ்வொருவரும் இடிகம்பியை (மருந்தை இடித்து இறக்கும் நீளக் கம்பி) குழலுக்குள் விட்டுக் காட்ட வேண்டும். 'டிங்' என்று உலோகம் அடிக்கும் சத்தம் வந்தால் குழல் காலி, மந்தமான சத்தம் வந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. சண்டை நடக்கும்போது இடிகம்பியைத் தொடவே கூடாது என்பதும் பல இடங்களில் சட்டம், மறந்து உள்ளேயே விட்டுச் சுட்டால் அது அம்பாகப் பாயும். இந்தச் சோதனையை ஒருவரையும் விடாமல் செய்கிற குழுவா என்று நேரில் நின்று பாருங்கள். துப்பாக்கி மட்டுமே ஆயிரம் டாலரைத் தாண்டும், எனவே முதல் வருடம் குழுவிடம் இருக்கும் இரவல் சாமான்களை வைத்து ஓட்டுங்கள்.

ஆயிரம் பேர் என்பது காகிதக் கணக்கு என்றால் உண்மையான போரில் எத்தனை பேர் இருந்தார்கள்?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

நல்ல கேள்வி தம்பி. ரீஎனாக்ட்மென்ட் செய்கிறவர்களே பலர் இதைச் சரியாகப் பிடிப்பதில்லை.

ஆயிரம் பேராக ஊரை விட்டுக் கிளம்பிய ரெஜிமென்ட் ஆயிரம் பேராகக் களத்துக்குப் போனது குறைவு. அந்தப் போரில் இறந்தவர்களில் பெரும்பகுதி குண்டடி பட்டு இறந்தவர்கள் இல்லை, வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு என்று முகாம் நோயில் போனவர்கள். அதோடு, வடக்கில் பல மாநில ஆளுநர்கள் பழைய ரெஜிமென்டில் விழுந்த இடத்தை நிரப்புவதைவிடப் புது ரெஜிமென்ட் திரட்டுவதையே விரும்பினார்கள், புதுசு என்றால் கர்னல் பதவி, மேஜர் பதவி எல்லாம் தங்கள் ஆட்களுக்குத் தரலாம். விளைவு, பழைய ரெஜிமென்ட்கள் தேய்ந்துகொண்டே போயின.

1863 ஜூலை, கெட்டிஸ்பர்க், அந்தப் போரின் மிகப் பெரிய சண்டை நடந்த இடம். லிட்டில் ரவுண்ட் டாப் குன்றைக் காத்த (மெய்ன் மாநிலத்தின்) 20-வது மெய்ன் ரெஜிமென்டில் அன்று இருந்தவர்கள் 400 பேர்கூட இல்லை, அதிலும் 120 பேர் கலைக்கப்பட்ட 2-வது மெய்னிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். முதலாம் மினசோட்டா ரெஜிமென்ட் 1861-ல் ஏறக்குறைய ஆயிரம் பேராகப் புறப்பட்டது. ஜூலை 2 மாலை, எதிரியை ஐந்து நிமிடம் தாமதப்படுத்தினால் போதும் என்ற நிலையில் பாய்ந்து போகச் சொன்னபோது நின்றவர்கள் 262 பேர். மரபாகச் சொல்லப்படும் கணக்கில் 215 பேர் விழுந்தார்கள், கொடியோடு திரும்பியது 47 பேர்.

இப்போது இதை ரீஎனாக்ட்மென்டோடு வைத்துப் பாருங்கள். 1861-ன் ரெஜிமென்டைக் காட்ட வேண்டும் என்றால் ஆயிரம் பேர் வேண்டும், யாராலும் முடியாது. 1863-ன் ரெஜிமென்ட் என்றால் 260 பேர், பெரிய நிகழ்ச்சியில் திரட்டிவிடலாம். அப்படிக் கூடிய 260 பேர் உண்மையின் கால்வாசி இல்லை, முழு அளவு! எந்த வருடத்தைக் காட்டுகிறோம் என்று தீர்மானித்துவிட்டு ஆள் எண்ண வேண்டும் என்பதுதான் இத்தனை கடிதங்களுக்கும் நான் சொல்ல நினைப்பது. கம்பெனியும் அப்படித்தான். கெட்டிஸ்பர்க் சமயத்தில் முப்பது பேர் இருந்த கம்பெனி சர்வ சாதாரணம். ரிச்மண்ட் நண்பர் பார்த்த 22 பேர், தங்களை 1863-ன் தேய்ந்த கம்பெனி என்று காட்டிக்கொண்டால் அது வரலாறு, 1861-ன் ரெஜிமென்ட் என்று காட்டிக்கொண்டால் இல்லை.

அகலத்தையும் சொல்லிவிடுகிறேன். வரிசையில் ஆளுக்கு ஏறக்குறைய இரண்டடி. ஆயிரம் பேர் இரண்டு வரிசையாக நின்றால் ஆயிரம் அடி, அதாவது 300 மீட்டர். 20 பேர் நின்றால் இருபது அடி, ஒரு நல்ல திண்ணை நீளம்.

பெண்களைப் படை வரிசையில் சேர்க்கிறார்களா, முகாமில் சமைக்கத்தான் வைக்கிறார்களா?
— வாசகி, தஞ்சாவூர்

சேர்க்கிறார்கள், ஆனால் அதற்கு ஒரு பெண் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 1989-ல் ஆன்டீடம் என்ற உள்நாட்டுப் போர்க்களத்தில் (இன்று அது தேசியப் பூங்கா) சிப்பாய் உடையில் குழல் வாசித்த ஒருவர், பெண்கள் கழிவறையிலிருந்து வெளியே வந்தபோது பெண் என்று தெரிந்து பூங்கா அதிகாரிகளால் வெளியேற்றப்பட்டார். வழக்குப் போட்டார், 1993-ல் ஜெயித்தார். அவர் பக்கம் வரலாறும் இருந்தது. அந்தப் போரில் ஆண் வேடமிட்டு நூற்றுக்கணக்கான பெண்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். 2-வது மிச்சிகன் ரெஜிமென்டில் ஃபிராங்க்ளின் தாம்ப்சன் என்ற பெயரில் இருந்தவர் சாரா எட்மண்ட்ஸ், பின்னாளில் அரசு அவருக்கு ஓய்வூதியமே கொடுத்தது. இன்று பல குழுக்களின் விதி ஒன்றுதான்: அன்று அவர்கள் கண்டுபிடிக்கப்படாமல் இருந்தது போல, பார்வையாளர் கண்ணுக்கு ஆணாகவே தெரிய வேண்டும். நியாயமான விதி என்றே நினைக்கிறேன், ஆனால் அதை ஆண்களின் தொப்பைக்கும் வெள்ளைத் தாடிக்கும் அதே கறாரோடு வைக்க வேண்டும். அன்றைய சிப்பாய்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த இளைஞர்கள்.

அதிகாரிகளை யார் நியமிக்கிறார்கள்?
— வாசகர், சேலம்

குழுவில் இருப்பவர்களே ஓட்டுப் போட்டு. 1861-ல் தொண்டர் படைகளிலும் அப்படித்தான் இருந்தது, சிப்பாய்களே தங்கள் கேப்டனைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்றைய குழுவுக்கு இரண்டு தலை உண்டு என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்: ஒரு சங்கம் மாதிரி தலைவர், பொருளாளர், சந்தா, இன்சூரன்ஸ் எல்லாம் ஒரு பக்கம். களத்தில் உத்தரவு போடும் கேப்டன் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்த குழுக்கள் அவர் விலகியதும் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

இங்கிலாந்திலும் இது உண்டாமே?
— வாசகர், ஈரோடு

அங்கே இன்னும் ஒழுங்காக உண்டு. பீட்டர் யங் என்ற ஓய்வு பெற்ற பிரிகேடியர், ராணுவ வரலாற்றாசிரியரும்கூட, 1968-ல் தொடங்கிய சீல்ட் நாட் சங்கம்தான் அங்கே பெரிய பெயர். முதலாம் சார்லஸ் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் 1642-ல் தொடங்கிய உள்நாட்டுப் போரைக் காட்டுகிறார்கள். சங்கம் ஒன்று, உள்ளே மன்னர் படை, பாராளுமன்றப் படை என்று இரண்டு, ஒவ்வொன்றிலும் பல ரெஜிமென்ட்கள். நான்ட்விச் என்ற ஊரில் 1644 ஜனவரியில் நடந்த போரை ஒவ்வொரு ஜனவரியும் அந்த ஊரிலேயே நடத்துகிறார்கள், குளிரில் தொப்பியில் ஹோலி என்ற முள் இலைச் செடியின் இலையைச் செருகிக்கொண்டு ஊரே வருகிறது.

அந்தக் காலத்து ரெஜிமென்டின் அமைப்பு வேறு மாதிரி, எனக்கு மிகவும் பிடித்தது. 1645-ல் பாராளுமன்றம் திரட்டிய புதிய மாதிரிப் படையில் ஒரு ரெஜிமென்டுக்கு 1,200 பேர், பத்துக் கம்பெனி, ஆனால் எல்லாக் கம்பெனியும் ஒரே அளவு இல்லை. கர்னலின் கம்பெனிக்கு 200 பேர், லெஃப்டினென்ட் கர்னலுக்கு 160, மேஜருக்கு 140, மற்ற ஏழு கேப்டன்களுக்குத் தலா 100. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் 16 அடி ஈட்டி தூக்கியவர்கள், இரண்டு பங்கு துப்பாக்கிக்காரர்கள்.

சீல்ட் நாட் ரெஜிமென்ட் பலவற்றில் இன்று சில டஜன் பேர்தான் இருப்பார்கள், இருந்தாலும் ஈட்டி ஒரு கூட்டம், துப்பாக்கி ஒரு கூட்டம், மேளமும் கொடியும் தனி என்ற பிரிவினையை விடுவதில்லை. ஈட்டிக்காரர்கள் மோதும்போது ஈட்டியை மேலே நிமிர்த்திவிட்டுத் தோளோடு தோள் தள்ளுவார்கள், ரக்பி ஆட்டத்தில் தள்ளுவது போல. உண்மையில் அப்படி மட்டும் நடந்திருக்காதுதான், ஆனால் இதைவிடப் பத்திரமாக அந்த நெருக்கத்தை உணர வழி இல்லை.

ஆள் குறைவு என்ற பிரச்சினையே வராத இடம் ரோமானியப் படை. அங்கே அடிப்படை அலகு எட்டுப் பேர், ஒரே தோல் கூடாரம், ஒரே அடுப்பு. பத்துக் கூடாரம் சேர்ந்தால் 80 பேர் கொண்ட செஞ்சுரி, பெயரில் நூறு இருந்தாலும் ஆள் எண்பதுதான். 1972-ல் தொடங்கிய எர்மின் ஸ்ட்ரீட் கார்டு போன்ற குழுக்கள் எட்டுப் பேரை நிறுத்தினாலே ஒரு முழுக் கூடாரத்தைக் குறையில்லாமல் காட்டிவிட முடியும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான், உங்களால் நிரப்ப முடிந்த அலகை எடுங்கள்.

வாட்டர்லூ 200-வது ஆண்டில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடினார்களே, அத்தனை நாட்டுக்காரர்களுக்கும் எந்த மொழியில் உத்தரவு?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், புதுச்சேரி

2015 ஜூனில் பெல்ஜியத்தில் கூடியவர்கள் சுமார் 6,000 பேர், குதிரை 300-க்கு மேல். 1815-ல் அங்கே மோதியவர்கள் பிரஷ்யர்களையும் சேர்த்து ஏறக்குறைய 1,90,000 பேர், அதாவது முப்பதுக்கு ஒருவர்.

மொழிக்கு அருமையான ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். நெப்போலியன் படைப்பிரிவாக நிற்கிறவர்கள் போலந்துக்காரரோ செக் நாட்டுக்காரரோ, பிரெஞ்சு உத்தரவைத்தான் கற்றுக்கொள்கிறார்கள். நிற்க, நட, சுடு என்று சில டஜன் சொற்கள், அவ்வளவுதான். வெவ்வேறு நாட்டு நூறு பேரை ஒரே பட்டாலியனாக இணைப்பது அந்தச் சொற்கள்தான். உங்கள் ஊர்க்காரர் ஒருவர் போனால் மற்றவர்களைவிடச் சீக்கிரம் தேறிவிடுவார்.

தெற்குப் படை அடிமை முறையைக் காக்கப் போரிட்டது. அந்த உடையைப் போடுவது தவறில்லையா?
— வாசகர், சென்னை

அந்தப் போரின் காரணம் அடிமை முறைதான், அதைச் சொல்லாமல் பீரங்கி மட்டும் வெடிக்கும் நிகழ்ச்சியை நான் மதிக்க மாட்டேன். ஆனால் ஒரு தரப்பு மட்டும் நின்றால் போரைக் காட்ட முடியாது. பல நிகழ்ச்சிகளில் சாம்பல் உடைக்காரர்கள் (தெற்கு) அதிகமாகவும் நீல உடைக்காரர்கள் (வடக்கு) குறைவாகவும் வந்துவிடுவார்கள், அதனால் இரண்டு உடையும் வைத்திருந்து தேவைப்படும் பக்கம் மாறி நிற்கும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. ஒரே ஆள் சனிக்கிழமை ஒரு தரப்பு, ஞாயிற்றுக்கிழமை மறு தரப்பு.

நான் பார்க்கச் சொல்வது வடக்கின் கறுப்பினச் சிப்பாய்களைக் கொண்ட 54-வது மாசசூசெட்ஸ் ரெஜிமென்டின் பெயரில் நிற்கும் கறுப்பினக் குழுக்களை. 1863 ஜூலை 18 அன்று தெற்குப் படையின் வாக்னர் கோட்டை மீது ஏறக்குறைய 600 பேராகப் பாய்ந்து, கர்னல் ஷா உட்பட 270 பேர் அளவில் சாவு, காயம், காணாமல் போனது என்று இழந்த படை அது. அடிமைத்தனத்திலிருந்து தப்பி அதை எதிர்த்துப் போராடிய ஃபிரெடெரிக் டக்ளஸின் இரண்டு மகன்கள் அந்த ரெஜிமென்டில் இருந்தார்கள். பத்துப் பதினைந்து பேர்தான் வந்திருந்தாலும் அவர்கள் நடந்து போகும்போது கூட்டம் பேச்சை நிறுத்திவிடும், நானே கவனித்திருக்கிறேன்.

போர் நடந்த அதே மண்ணில் ஏன் நடத்துவதில்லை?
— வாசகி, கோவை

1961-ல் நூறாண்டு நிறைவுக்கு, போரின் முதல் பெரிய சண்டை நடந்த மனாசஸ் களத்திலேயே இரண்டாயிரம் பேர் அளவில் நடத்தினார்கள். கேளிக்கை போலாகிவிட்டது என்று கண்டனம் எழுந்தது. அதன் பிறகு தேசியப் பூங்காத் துறை, தன் நிலங்களில் இரண்டு தரப்பும் எதிரெதிரே சுட்டு விழுந்து காட்டுவதை அனுமதிப்பதில்லை. பயிற்சி காட்டலாம், ஒரு பக்கமாகச் சுட்டுக் காட்டலாம். 1998-ல் கெட்டிஸ்பர்க் 135-வது ஆண்டுக்கு 15,000-க்கு மேல் ரீஎனாக்டர்கள் கூடியதுகூடப் பூங்காவுக்கு வெளியே தனியார் நிலத்தில்தான். இந்தத் தடை சரி என்பதே என் கட்சி. ஆள் செத்த இடத்தில் விழுந்து எழுந்து தட்டிவிட்டுப் போக மனம் வராது.

உண்மையில் அங்கே சண்டை போட்டவர்களே பிறகு அதை நடத்திக் காட்டியது உண்டா?
— அதே கோவை வாசகி

உண்டு அம்மா. 1913-ல் கெட்டிஸ்பர்க் ஐம்பதாம் ஆண்டுக்கு இரு தரப்பிலுமாக 50,000-க்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் வந்து கூடாரங்களில் தங்கினார்கள், பெரும்பாலும் எழுபது வயதுக்காரர்கள். ஜூலை 3 பிற்பகல், தெற்குத் தளபதி பிக்கெட்டின் தாக்குதலில் போய் உயிர் தப்பியவர்கள் அதே சரிவில் திரும்ப ஏறி வந்தார்கள். 1863-ல் ஏறக்குறைய 12,500 பேர் ஏறிய சரிவு அது, இந்த முறை வந்தது நூற்றுச் சொச்சம் பேர். மேலே தாழ்ந்த கல்சுவருக்குப் பின்னால், அன்று அவர்களைச் சுட்ட வடக்கின் பிலடெல்பியா படைக்காரர்கள் காத்து நின்றார்கள். சுவருக்கு மேலாகக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.